பால் தரப் பரிசோதனையும் மடிநோய்த் தடுப்பும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பண்ணையாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கறவைமாடு வளர்ப்போரின் இச்சங்கம் கடந்த ஓராண்டில் மேற்கொண்ட பால் தரப் பரிசோதனை, மடிநோய்த் தடுப்புப் பணிகளைப் பற்றிய அறிக்கையைப் பேரவையின் முன் வைக்கிறேன். மாதவாரியான சோதனை எண்ணிக்கை தங்கள் கையிலுள்ள இணைப்பில் இருக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். எனவே, அப்பணிகளில் நாம் எதைக் கண்டறிந்தோம், எங்கே தவறினோம் என்பதையே இங்கு விரித்துச் சொல்கிறேன்.

ஆண்டின் தொடக்கத்தில் பண்ணையின் மொத்தப் பாலில் மட்டுமே உடற்செல் எண்ணிக்கையைப் பார்த்து வந்தோம். மடியில் கிருமி புகுந்தால் அதை எதிர்க்க இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் பாலுக்குள் இறங்குவதால், இந்த எண்ணிக்கை மடியின் நலத்தைக் காட்டும் கண்ணாடியாக உள்ளது. நோயற்ற மடியின் பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 லட்சத்துக்கும் குறைவான செல்களே பெரும்பாலும் இருக்கும். 2 லட்சத்தைத் தாண்டினால் தொற்று இருப்பதாகக் கருதுவது வழக்கம். ஆனால் மொத்தப் பால் பல நேரங்களில் உண்மையை மறைத்துவிடுகிறது. ஒரே அளவு பால் தரும் 20 மாடுகளில் 19 மாடுகளின் எண்ணிக்கை 1 லட்சமாகவும், எஞ்சிய ஒன்றின் எண்ணிக்கை 20 லட்சமாகவும் இருந்தாலும், கலந்த பாலின் சராசரி 1,95,000 என்றே வரும். பண்ணையாளர் தாளைப் பார்த்து நிம்மதி அடைவார். அந்த ஒரு மாடோ நாள்தோறும் மற்றவற்றுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 4 லட்சம் என்றும் அமெரிக்கா 7.5 லட்சம் என்றும் வைத்திருக்கும் வரம்புகள் பாலை ஏற்பதற்கானவை. மந்தையின் நலத்துக்கான எல்லைகள் அல்ல என்பதையும் உறுப்பினர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இக்காரணத்தால், செயற்குழுவின் ஒப்புதலுடன், காம்புவாரியான சோதனைக்கு மாறினோம். 1957-ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் இருந்துவரும் கலிபோர்னியா மடிநோய் சோதனைக்கு நான்கு குழிகள் கொண்ட தட்டும் சோதனைக் கரைசலும் போதும். ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் குழியில் பீச்சி, சம அளவு கரைசல் சேர்த்து மெல்லச் சுழற்றினால், வெள்ளணுக்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏ வெளியேறி, நோயுள்ள காம்பின் பால் கூழாகத் திரளும். கண்ணுக்குப் பால் நன்றாகவே தெரியும், மடியில் வீக்கமும் இருக்காது. ஆனால் தட்டில் ஒரு குழி மட்டும் கெட்டியாகும். அறிகுறி காட்டாத இந்த மடிநோய்தான் நமக்குப் பேரிழப்பைத் தருவது. கன்று ஈன்ற முதல் சில நாட்களிலும் கறவை வற்றும் தறுவாயிலும் நோயில்லாமலேயே பால் திரளக்கூடும் என்பதால், அக்காலங்களில் எடுத்த முடிவுகளைத் தனியே குறித்து வைத்தோம்.

இச்சோதனை நோய் இருப்பதைச் சொல்லுமேயன்றி, கிருமியின் பெயரைச் சொல்லாது. அதற்காக, பாலிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து இனங்காணும் வளர்ப்புச் சோதனைக்கு மாதிரிகளை அனுப்பியதில் நாம் தடுமாறினோம் என்பதை ஒளிவின்றிப் பதிவு செய்கிறேன். முதலில் அனுப்பியவற்றுள் பல மாதிரிகளில் மூன்றுக்கும் மேற்பட்ட கிருமி வகைகள் வளர்ந்து, எதையும் முடிவு செய்ய இயலாமல் போயிற்று. பிழை ஆய்வகத்தினுடையது அன்று. சாணமும் தூசியும் கைவழியாகக் குப்பிக்குள் போயிருந்தன. அதன்பின் நம் பணியாளர்களுக்கு மீண்டும் பயிற்சி அளித்தோம். முதல் பாலைப் பீச்சி விலக்கிவிட்டு, 70 விழுக்காடு ஆல்கஹால் நனைத்த பஞ்சால் தொலைவிலுள்ள காம்புகளை முதலில் துடைத்து, அருகிலுள்ளவற்றைப் பின்னர் துடைக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது அருகிலுள்ளவற்றில் தொடங்க வேண்டும். துடைத்த காம்பின் மேல் கை உரசாமல் இருக்கவே இந்த வரிசை. மாதிரிக் குப்பிகளைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்பும் ஒழுங்கும் இப்போது நிலைபெற்றுவிட்டது.

மடிநோயை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி இடைவிட்டே பாலில் வெளிப்படும். ஒரு பண்ணையில் முதல் மாதிரியில் ஒன்றும் வளராத மாடு மறுசோதனையில் பிடிபட்டது. ஆகவே, செல் எண்ணிக்கை தொடர்ந்து உயர்ந்திருக்கும் மாட்டை ஒரே சோதனையை நம்பி விடுவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அத்தகைய மாட்டைக் கடைசியில் கறப்பது மந்தையைக் காக்கும் எளிய வழி. தொடர்ந்து நோயுறும் மாட்டை மந்தையிலிருந்து நீக்க நேரும்போது, அதைப் பெயரிட்டு வளர்த்த குடும்பத்தின் வருத்தம் எவ்வளவு என்பதை நான் நேரில் அறிவேன்.

கொட்டகை நடைமுறைகளில் நல்ல மாற்றம் தெரிகிறது. கறந்து முடித்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் தோய்ப்பதும், ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி வைத்துக்கொள்வதும் பல பண்ணைகளில் பழக்கமாகிவிட்டன. காம்புத் துளை உடனே மூடிக்கொள்ளாது, மாடு படுத்தால் தரையிலுள்ள கிருமி அதன்வழி புகும் என்பதால், கறந்தவுடன் தீவனம் வைத்து மாட்டை அரை மணி நேரமாவது நிற்க வைக்கச் சொல்லி வருகிறோம். கறவை இயந்திரங்களின் வெற்றிட அழுத்தத்தையும் ரப்பர் உறைகளையும் சரிபார்க்கும் பணி மட்டும் பின்தங்கியுள்ளது. அதை முடுக்கிவிடுவது என் பொறுப்பு.

கறவை வற்றச் செய்யும்போது எல்லா மாடுகளுக்கும் ஆன்டிபயாட்டிக் ஏற்றும் வழக்கத்தை விட்டு, சோதனையில் தொற்று உறுதியானவற்றுக்கு மட்டும், கால்நடை மருத்துவரின் பரிந்துரைப்படி தரத் தொடங்கியிருக்கிறோம். மருந்து செலுத்திய மாட்டின் பாலைக் குறித்த காலம் முடியும்வரை மொத்தப் பாலில் சேர்க்கலாகாது. மருந்தின் எச்சம் கலந்த பாலில், பாலை உறையச் செய்யும் நல்ல கிருமிகள் வளராமல் தயிரும் பாலாடைக்கட்டியும் கெட்டுப்போகும். உண்போருக்கும் அது தீங்கு. மருந்து தந்த மாட்டின் காலில் வண்ணப்பட்டை கட்டுவதை எல்லா உறுப்பினர்களும் கடைப்பிடிக்க வேண்டும்.

சோதனை முடிவுகள் தாமதமாகக் கிடைக்கின்றன என்று உறுப்பினர்கள் எழுப்பிய குறை நியாயமானது. நோயுள்ள காம்பு எதுவென்று பத்து நாள் கழித்துச் சொல்வதால், அதற்குள் அந்தக் காம்பை எத்தனையோ முறை கறந்திருப்பார்கள். தட்டுச் சோதனையின் முடிவைக் கொட்டகையிலேயே எழுதிக் கொடுக்கவும், வளர்ப்புச் சோதனையின் முடிவு வந்த அன்றே தொலைபேசியில் தெரிவிக்கவும் செயற்குழு தீர்மானித்துள்ளது.

விடியற்காலைக் கறவைக்கு முன்பே கொட்டகைக்கு வந்து நின்ற மாதிரி சேகரிப்பாளர்களுக்கும், கேட்டபோதெல்லாம் விளக்கம் தந்த கால்நடை மருத்துவர்களுக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். வரும் ஆண்டில் ஒவ்வொரு மாட்டுக்கும் காம்புவாரியான மடிநலப் பதிவேடு வைக்கும் திட்டத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.