4294967297 பகா எண் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கணிதத் துணுக்கில், 2-ஐ 32 தடவை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் 4294967297 ஒரு பகா எண் என்று போட்டிருந்தீர்கள். இல்லைங்க. அது 641 × 6700417. கைபேசியில் பெருக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன், பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே சறுக்கின இடம் இது. 2-க்கு 1, 2, 4, 8, 16 என்று அடுக்குப் போட்டு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று ஐந்தும் பகா எண்ணாகவே வரும், அடுத்து 32 போட்டாலும் அப்படித்தான் இருக்கும் என்று 1640 வாக்கில் அவர் நம்பிவிட்டார். எண்ணைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். கடைசி இலக்கம் 7, இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, ஆகவே 2, 3, 5 மூன்றும் அவுட். 7, 11, 13 போட்டாலும் மீதி வரும்.

1732இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர்தான் இதை உடைத்தார். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி என்று ஒன்று இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீர வேண்டும் என்பதும் அவர் நிறுவியதுதான். அப்படிச் சலித்தால் முதலில் நிற்பவை 193, 257, 449, 577, 641. அவ்வளவுதான்! நானே ஒரு தாளில் வகுத்துப் பார்த்தேன், நாலு தடவை மீதி வந்து (449-இல் ஒரு கழித்தலைத் தப்பாகப் போட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது தனிக்கதை) ஐந்தாவதில் சுத்தமாக முடிந்தது.

வகுக்கப் பொறுமை இல்லை என்றால் இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். 640 என்பது 5 × 128, அதாவது 5-ஐ 2-இன் ஏழாம் அடுக்கால் பெருக்கியது. 640 என்பது 641-க்கு ஒன்று குறைவு, அதனால் 641-ஆல் வகுத்தால் 640-இன் மீதியை −1 என்று வைத்துக்கொள்ளலாம், எனவே 640-இன் நாலாம் அடுக்குக்கு மீதி 1. அந்த நாலாம் அடுக்கைப் பிரித்து எழுதினால் 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கியது. சரி, 641 என்பது 625 + 16-உம் கூட, ஆகவே 625 இருக்கிற இடத்தில் −16 போடலாம். 16 என்பது 2-இன் நாலாம் அடுக்கு, 28-உம் 4-உம் சேர்ந்து 32 ஆகிவிட, 2-இன் 32-ஆம் அடுக்கை −1-ஆல் பெருக்கினால் மீதி 1, அதாவது 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1 என்று வந்து நிற்கிறது. அதோடு ஒன்றைக் கூட்டினால் மீதி பூஜ்யம். பத்து இலக்க எண்ணை ஒரு தடவைகூட வகுக்கவில்லை பாருங்கள்.

அந்த ஐந்துக்கு அப்புறம் இந்த வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண் இன்றுவரை அகப்படவில்லை. திருத்தம் போடும்போது ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு வரியோடு நிறுத்திவிடாமல் அந்த 640 கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்