பாப்பாவுக்கு: அந்த டின்னில் இருப்பதைத் துலக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே. நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய பிரிட்டிஷ் பென்னிகள், கூடவே இருபது முப்பது வெள்ளிக் காசுகள். நல்ல தொடக்கம். விற்று வருவதை வைத்தே அடுத்ததை வாங்கலாம் என்கிறாயே, அதுவும் சரியான வழிதான். ஆனால் கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறாய்: "எல்லாம் கறுத்துக் கிடக்குப்பா, புளி போட்டுத் துலக்கிட்டுப் படம் எடுக்கட்டுமா?" வேண்டாம்மா. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

குத்துவிளக்கைத் துலக்கத் துலக்க அழகு. காசு அப்படியில்லை. அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாக மேற்பரப்பில் பதிந்துவிடும். புதுக் காசைச் சாய்த்துத் திருப்பினால் வெளிச்சம் வண்டிச் சக்கரம் போலச் சுற்றுவது அந்தக் கோடுகளால்தான். புளியோ எலுமிச்சையோ பாத்திரப் பொடியோ பட்டால் அந்தத் தோல் போய்விடும். பிறகு மிஞ்சுவது உயிரில்லாத வெளிர் ரோஸ் நிறம். பழகியவன் ஒரு நொடியில் கண்டுபிடித்து, பாதி விலைக்கும் கீழே இறக்கிவிடுவான். போன தோலைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

அதிலும் 1944, 1945, 1946 பென்னிகளின் கறுப்பு அழுக்கே அல்ல. நாணயம் அடிக்கும் அச்சகத்திலேயே ரசாயனம் போட்டுக் கறுக்க வைத்துத்தான் வெளியே விட்டார்கள். 1945 பென்னி ஒன்று பளபளவென்று செம்பு நிறத்தில் வந்தால் யாரோ துலக்கிவிட்டார்கள் என்று முதலில் சந்தேகப்படு.

செய்யக்கூடியது இவ்வளவுதான். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, மெல்லிய துணியில் ஒற்றி எடு; தேய்க்காதே. பழைய பிளாஸ்டிக் உறையில் கிடந்த காசில் பிசுபிசுவென்று பச்சைப் படலம் இருந்தால், அது உறையின் பிவிசி பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றிச் சில நிமிடம் போட்டால் கரைந்துவிடும். நகப்பூச்சு நீக்கி உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வை, அடுப்புப் பக்கம் போகாதே. பச்சை படலமாக இல்லாமல் பொடியாகப் பூத்திருந்தால் அது களிம்பு, உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் காசைத் தனியே எடுத்து, ஈரமில்லாத இடத்தில் வை. விற்கும்போது "களிம்பு உண்டு" என்று எழுதியே விற்க வேண்டும். காசை எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடு. செம்பில் பட்ட விரல் ரேகை நாளடைவில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

இனி பிரிக்கும் வேலை. வெள்ளியை ஆண்டை வைத்துப் பிரி. 1919 வரை 92.5 சதவீதம் வெள்ளி. 1920 முதல் 1946 வரை 50 சதவீதம். 1947 முதல் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும்தான். எடை காசின் பெயரைப் பொறுத்தது: அரைக் கிரவுன் 14.14 கிராம், ஃப்ளோரின் 11.31, ஷில்லிங் 5.66, ஆறு பென்ஸ் 2.83. ஆக 1919 வரையிலான அரைக் கிரவுனில் 13 கிராமுக்குக் கொஞ்சம் மேல் சுத்த வெள்ளி. அடுத்த காலத்து அரைக் கிரவுனில் 7 கிராம்தான். விற்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கி வைத்துக்கொள், அதற்குக் கீழே எந்தக் காசையும் கொடுக்காதே. 1920களின் தொடக்கத்துக் காசுகளில் கன்னமும் முடியும் மஞ்சளாகத் தெரிந்தால் போலி என்று பயப்படாதே. மேலே வெள்ளி தூக்கலாகத் தெரியும்படி வெளுத்து அடித்தார்கள். அந்த மெல்லிய தோல் மேட்டில் தேய்ந்ததும் அடியிலிருக்கும் கலவை எட்டிப் பார்க்கிறது.

1887 ஆறு பென்ஸ் ஒன்று உன் படத்தில் இருந்தது, பூப்பக்கம் கேடயம் போட்டது. அதற்கு ஒரு கதை உண்டு. அளவிலும் வடிவிலும் அது அரை சவரன் என்ற தங்கக் காசை ஒத்திருந்ததால், முலாம் பூசி அரை சவரன் என்று தள்ளிவிட்டார்கள். அதே ஆண்டில் அதை நிறுத்தி, 'சிக்ஸ் பென்ஸ்' என்று மதிப்பை எழுதிய வடிவத்தை அடித்தார்கள். நிறுத்திய காசு என்பதால் அரிது என்று விற்பவர்கள் சொல்வார்கள். நிறையப் பேர் எடுத்து வைத்துக்கொண்டதால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. கூடுதல் விலை கொடுக்காதே.

பென்னிகளுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான், நீ இருக்கும் பர்மிங்காம் இதில் வருவதால் உனக்கும் பிடிக்க வேண்டும். ஆண்டைப் படிப்பதோடு நிறுத்தாமல் பத்து மடங்கு லென்ஸில் ஆண்டின் இடப்பக்கத்தைப் பார். பூப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் உருவமான பிரிட்டானியாவின் காலடிக் கோட்டுக்குக் கீழே, 1912, 1918, 1919 பென்னிகளில் 'ஹெச்' என்ற சிறு எழுத்து இருக்கலாம். லண்டன் அச்சகத்தால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாத ஆண்டுகளில் பர்மிங்காம் ஹீட்டன் கம்பெனி அடித்துக் கொடுத்தது அது. 1918, 1919இல் 'கேஎன்' என்று இரண்டு எழுத்து இருந்தால் கிங்ஸ் நார்ட்டன் உலோகக் கம்பெனி. அதுவும் உங்கள் ஊர்தான். விக்டோரியா காலத்துப் பென்னிகளில், 1874 முதல் 1876 வரையும், 1881, 1882இலும், 'ஹெச்' ஆண்டுக்குக் கீழே இருக்கும். 1912 ஹெச் எளிதில் கிடைக்கும், கேஎன் அதைவிடக் குறைவு. 1882இல் விஷயம் தலைகீழ்: ஹெச் உள்ளது சாதாரணம், ஹெச் இல்லாததுதான் மிக அரிது. அதனால் ஹெச்சைச் சுரண்டி எடுத்த காசும் வரலாம். ஆண்டுக்குக் கீழே பரப்பு சொரசொரப்பாக இருக்கிறதா என்று பார். இன்னும் பழையது வேண்டுமென்றால் 1797இன் 'வண்டிச் சக்கர' பென்னி, இரண்டு பென்ஸ். மேத்யூ போல்ட்டன் தன் சோஹோ அச்சகத்தில், உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், நீராவி யந்திரத்தால் அடித்தவை. பென்னி ஒரு அவுன்ஸ், இரண்டு பென்ஸ் இரண்டு அவுன்ஸ். கையில் வைத்தால் படிக்கல் மாதிரி இருக்கும். 1850இல் அந்த அச்சகத்து யந்திரங்களை ஏலத்தில் எடுத்தவர்களும் ஹீட்டன்காரர்கள்தான்.

ஐந்தாம் ஜார்ஜ் ராஜா காலத்துப் பென்னிகளில் புதிதாக வருபவர்கள் தவறுவது ஓரிடத்தில். காசு புதிதுபோல இருக்கும், பிரிட்டானியாவின் முகமும் மார்பும் மட்டும் மழுங்கியிருக்கும். தேய்மானம் என்று நினைத்துவிடாதே. ராஜாவின் தலை அச்சில் அவ்வளவு ஆழம். உலோகம் அந்தப் பக்கம் இழுபட்டு, மறுபக்கம் அச்சு நிரம்பாமல் போனது. சாய்த்துப் பார்த்தால் பூப்பக்கத்தில் ராஜாவின் தலை நிழலாகக்கூடத் தெரியும். 1920களின் பிற்பகுதியில் தலையைச் சிறிதாக்கித்தான் இதைச் சரிசெய்தார்கள். தேய்ந்த இடம் வழுவழுவென்று நிறம் மாறியிருக்கும். அச்சு சரியாக விழாத இடத்தில் ஒளி அப்படியே ஓடும். தரம் சொல்லும்போது இரண்டையும் குழப்பாதே. ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்க்குலேட்டட் என்று கீழிருந்து மேலாகப் போகும் நான்கு படியில் சந்தேகம் வந்தால் கீழ்ப்படியையே எழுது. வாங்கியவர் எதிர்பார்த்ததைவிட நல்ல காசு கைக்கு வந்தால் திரும்பவும் உன்னிடம்தான் வருவார்.

போலிகள்: 1905 அரைக் கிரவுன் 1,66,008 மட்டுமே அடித்தது, அதனால் போலி மலிந்த காசு. 1933 பென்னி என்று யாராவது காட்டினால் கடைசி இலக்கத்தை ராவி ஒட்டியிருக்கிறார்களா என்று பார்; உண்மையானவை உலகத்திலேயே ஏழு போலத்தான் அறியப்பட்டுள்ளன. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று உடனே வாங்கு. எடை மிகுந்தாலும் குறைந்தாலும் கீழே வை.

சவரன் மேல் இப்போது ஆசைப்படாதே. நம் ஊரில் பவுன் என்றால் 8 கிராம் என்று பழகிவிட்டோம். அந்தப் பெயர் வந்த காசு 7.98 கிராம், 22 காரட், 22 மில்லிமீட்டர் அகலம். 1918இல் பம்பாயில் அடித்ததில் ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டில் 'ஐ' என்ற எழுத்து இருக்கும். சங்கிலியில் கோத்துக் கழற்றியதா என்று விளிம்பை முழுக்கச் சுற்றிப் பார். பற்றாசு வைத்த தடமோ ராவிய இடமோ இருந்தால் அது தங்க விலைக்கு மட்டும்தான் போகும்.

விற்பனைக்கு: இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சத்தில் படம் எடு, நிறத்தைக் கூட்டாதே, கீறல் இருந்தால் அதற்குத் தனிப் படம். பட்டியல் புத்தகத்து விலை வியாபாரி விற்கும் விலை. உனக்குக் கிடைப்பது அதைவிட நன்றாகக் குறையும். கேட்கும் விலையைப் பார்க்காதே, விற்று முடிந்த விலையைப் பார். சாதாரண பென்னிகளை ஒன்றொன்றாக விற்றால் தபால் செலவே தின்றுவிடும். ஆண்டு வரிசையாக இருபது முப்பது சேர்த்து விற்பதே மேல். அனுப்பும்போது பிவிசி இல்லாத உறையில் போட்டு, இரு அட்டைக்கு நடுவே குலுங்காமல் ஒட்டு. விலையுள்ளதை ராயல் மெயில் ஸ்பெஷல் டெலிவரியில் மட்டும் அனுப்பு, மற்றவற்றில் காசு தொலைந்தால் ஈடு கிடைக்காது. ஒரு நோட்டில் வாங்கிய தேதி, விலை, எடை, விற்ற விலை எழுதி வா. லாபம் நோக்கி வாங்கி விற்கத் தொடங்கிவிட்டால் ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 1,000 பவுண்டைத் தாண்டியதும் வரி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். லாபம் அல்ல, மொத்த வரவு.

இங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, பழைய ரூபாய் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். அவை இந்திய நாணயம், நீ சேர்ப்பது வேறு வரிசை. தவிர, நூறு வயது தாண்டிய காசை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் இடம் கொடுக்காது. நம் நாட்டுத் தொடர்பு உன் டின்னிலேயே இருக்கிறது. 1948 பென்னியையும் 1949 பென்னியையும் பக்கத்தில் வைத்து, தலையைச் சுற்றிய எழுத்தைப் படி. 'இண்ட் இம்ப்', அதாவது இந்தியாவின் பேரரசர், முதல் காசில் இருக்கும், அடுத்ததில் இருக்காது.

நீ அனுப்பிய 1919 பென்னியில் ஆண்டின் இடப்பக்கம் ஏதோ நிழலாகத் தெரிகிறது. விளக்கை இடப்பக்கம் தாழ்த்தி வைத்து, அந்த இடத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பு. துடைக்காமல் எடு.

அன்புடன்,
அப்பா