சல்பைடும் சல்பைட்டும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளம்ஸ் பழச்சாற்றைக் கெடாமல் வைக்கும் முறை பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையை, அப்பழம் விளையும் கொடைக்கானல் மலையில் வாழ்பவன் என்ற முறையில் ஆவலோடு படித்தேன். அதில் ஒரே பொருள் ஓரிடத்தில் 'சல்பைட்டு' என்றும் அடுத்த பத்தியில் 'சல்பைடு' என்றும் அச்சாகியிருந்தது. பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்த எனக்கு இதை எழுத்துப்பிழை என்று விட்டுவிட மனம் வரவில்லை.

கந்தக அணு இரண்டு எலக்ட்ரான்களை ஏற்றால் சல்பைடு அயனி உண்டாகிறது. கந்தகத்தோடு மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த அயனி சல்பைட்டு. நான்கு சேர்ந்தது சல்பேட்டு. மூன்றும் இரண்டு எதிர்மின்சுமைகளையே தாங்குவதால், மின்சுமையைக் கொண்டு பெயரைச் சரிபார்க்க மாணவருக்கு வழியில்லை. சொல்லின் ஈற்றையே அவர் நம்ப வேண்டியிருக்கிறது. குணத்திலோ மூன்றும் வெகுதூரம் விலகி நிற்பவை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால், சோடியம் சல்பைடிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு எழும். சோடியம் சல்பைட்டிலிருந்து, கந்தகம் எரியும்போது மூச்சை அடைக்கும் அதே நெடியுடன் சல்பர் டைஆக்சைடு எழும். சோடியம் சல்பேட்டிலிருந்து வாயு எதுவும் வராது. பழச்சாற்றில் இடும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டு, சாற்றின் புளிப்பில் சல்பர் டைஆக்சைடைத் தருவதால்தான் பூஞ்சையும் ஈஸ்டும் அடங்குகின்றன. ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்குச் சல்பைட்டு ஒவ்வாது என்பதால், புட்டியின் மேல் இருக்கும் பெயர் உண்பவருக்கும் முக்கியமானது.

ஆக்சிஜன் கூடுதலாக உள்ளதையும் குறைவாக உள்ளதையும் ஈற்றால் பிரித்துக் காட்டும் இவ்வழக்கத்தை 1787-இல் லவாய்சியே உள்ளிட்ட பிரெஞ்சு வேதியியலாளர்கள் வகுத்தனர். தமிழ் எழுத்தில் அது மங்கிவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. 'பாடு' என்பதையும் 'பாட்டு' என்பதையும் நாம் குழப்பிக்கொள்வதில்லையே! தனி டகரம் மெலிந்தும் இரட்டித்த டகரம் வலிந்தும் ஒலிப்பது நம் மொழியின் இயல்பு. 'சல்பைட்' என்று புள்ளியோடு நிறுத்தும்போதுதான் சிக்கல் எழுகிறது. ஒருமுறை என் மாணவன் ஒருவன் வாயுவின் நெடியைச் சரியாக அறிந்தும், விடைத்தாளில் அப்படி எழுதியதால், அவன் எதைக் குறித்தான் என்று என்னால் உறுதிசெய்ய இயலவில்லை.

எனவே தங்கள் அறிவியல், வேளாண் பக்கங்களில் புள்ளியோடு முடியும் வடிவத்தைத் தவிர்த்து, சல்பைடு, சல்பைட்டு, அவ்வாறே நைட்ரைடு, நைட்ரைட்டு என்று பிரித்து அச்சிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கொடைக்கானல்