நலங்கு மாவு கேட்ட மகளுக்கு

தாராவி, மும்பை

அன்புள்ள மீனா,

நீ முகத்துக்கு வாங்கிய சீரம் சீசாவின் படத்தைப் பார்த்தேன். அந்த விலைக்கு இங்கே ஒரு மாத மளிகை வாங்கிவிடலாம். அதில் போட்டிருக்கும் பகுசியோல் வேறொன்றுமில்லை, உன் ஆச்சி குளிக்கத் தேய்க்கும் நலங்கு மாவில் சேரும் கார்போக அரிசியின் சத்துதான். "அப்படியானால் கார்போக அரிசியைத் தாராளமாகப் போட்டு அரைத்து அனுப்பு" என்று கேட்கிறாய். 90 அடி சாலைக்குப் போனால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஆனாலும் அனுப்ப மாட்டேன்.

அந்த விதைக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று உன் சீசாவில் இருப்பது. அதை, சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலோடு ஒப்பிட்டு 44 பேரிடம் 12 வாரம் சோதித்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. சுருக்கத்துக்கும் கரும்படலத்துக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன். எரிச்சலும் தோல் உரிவதும் ரெட்டினாலில்தான் அதிகம். ஆக, உன் காசு முழுக்க வீணில்லை.

மற்றொன்று சோராலென். அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் வெந்து சிவக்கும், கொப்புளம்கூட வரும், ஆறிய பிறகு கறுத்துப்போகும். வெண்புள்ளிக்கு நம் வைத்தியர்கள் இந்த விதையைக் கொடுப்பதும், தோல் மருத்துவர்கள் சோராலெனைக் கொடுத்துப் புற ஊதா ஒளி காட்டுவதும் இந்தக் குணத்தை நம்பித்தான். சீசாவுக்குச் சத்தைத் தனியாகப் பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள். மாவு மில்லில் அரைத்த விதையில் அந்த வேலையை யார் செய்வது?

ஆச்சி பயற்றைத்தான் படிக் கணக்கில் போடுவாள். கார்போக அரிசி பேருக்குத்தான். தேய்த்த கையோடு கழுவியும் விடுவாள். நீயோ தயிரில் குழைத்து, காயும்வரை வைத்திருந்து, அப்படியே மெல்பர்ன் வெயிலில் டிராமுக்கு நிற்பாய். டிசம்பரில் அந்த ஊர் வெயில் நம் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததில்லை. எலுமிச்சைச் சாற்றையும் முகத்தில் தடவாதே. அதன் புளிப்பைத் தோல் தாங்காது, வெயில் பட்டால் அதுவும் சுட்டுவிடும். இயற்கைப் பொருள் என்றால் கெடுதல் செய்யாது என்று எவர் சொன்னாலும், பால் பட்டாலே தோலைப் புண்ணாக்கும் சேராங்கொட்டையை நினைத்துக்கொள்.

பார்சலிலும் சிக்கல். விதை, வேர் எதுவானாலும் ஆஸ்திரேலியாவில் அறிவித்தாக வேண்டும்; பிடித்து வைத்துக்கொண்டால் போனதுதான். அங்கேயே இந்தியக் கடையில் முழுப் பச்சைப்பயறு வாங்கி, காயவைத்து, மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள். கரகரப்பாக இருந்தால் முகம் கீறும். எண்ணெய்க் குளியலுக்கு அது மட்டுமே போதும். வேண்டிய அளவை மட்டும் அவ்வப்போது குழை; ஈர மாவு மறுநாளே கெட்டுவிடும்.

கஸ்தூரி மஞ்சள் வாங்கினால் நிறத்தைப் பார். அசல் வெளிறித்தான் இருக்கும், கற்பூர வாசனை வரும். பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் வேறு கிழங்கு. பக்கத்து வீட்டு மராத்தி அக்கா தீபாவளிக்குத் தரும் உட்டணே என்ற குளியல் பொடியில் கோரைக்கிழங்கும் வெட்டிவேரும் மணக்கும். நீ வரும்போது அது உனக்குக் கிடைக்கும்.

சீசாவை இரவில் மட்டும் போட்டுக்கொள். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பொறு. அரித்தால் கடையிலேயே திருப்பிக் கொடு, பில்லைத் தொலைத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா