லட்சத்தைத் தாண்டிய கவுண்ட்

அன்புள்ள முருகேசா,

நீ கேட்டு மூன்று வாரமாகிவிட்டது. திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். ஜம்பு இன்னும் அதே ஸ்கூட்டர்தான்.

'ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைக்கு வெள்ளணு 3 லட்சம் என்று ரிப்போர்ட் வந்தால், ரெஃபர் பண்ணுவதற்குள் நான் என்ன செய்யணும்?' என்று கேட்டிருந்தாய். என்ன செய்யக்கூடாது என்பதில் தொடங்குகிறேன். ஸ்டீராய்டு போடாதே. கழுத்தில் கட்டி, காய்ச்சல், இரைப்பு என்று வரும் பிள்ளைக்கு ஒரு டெக்ஸா (அதுவும் ஸ்டீராய்டுதான்) போட்டு அனுப்பும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. லிம்ஃபோபிளாஸ்ட் (லிம்ஃபாய்டு வகைப் புற்றணு) அந்த ஒரு ஊசிக்கே கரையும். எலும்பு மஜ்ஜையைச் சோதனைக்கு எடுப்பதற்குள் நோயின் அடையாளம் கலைந்துவிடும். அதைவிடப் பெரிய கேடு, தயார் செய்யாத உடம்பில் அத்தனை செல்லும் ஒரே நேரத்தில் உடைந்து பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலமாக மாறும் பியூரின் எல்லாவற்றையும் ரத்தத்தில் கொட்டுவது. (பியூரின் என்றதும் ஓடாதே, இந்த முறை பரீட்சை இல்லை.)

முதல் மருந்து தண்ணீர். 18 கிலோ, 108 செ.மீ. பிள்ளை என்று வை. இரண்டையும் பெருக்கி 3600-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் உடல் பரப்பு 0.73 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நாளைக்கு 3 லிட்டர் கணக்கில் சுமார் 2.2 லிட்டர், மணிக்கு 90 மில்லி. பாட்டிலில் பொட்டாசியம் கூடாது. ரிங்கர் லாக்டேட்டிலும் அது உண்டு. கைப்பழக்கத்தில் யாராவது மாட்டிவிடுவார்கள், பார்த்துக்கொள். சிறுநீர் மணிக்கு 60 முதல் 75 மில்லி வரணும். சோடாபைகார்ப் போட்டுக் காரமாக்கும் நம் காலத்துப் பாடத்தை மறந்துவிடு. யூரிக் அமிலம் கரையும், சரி. ஆனால் கால்சியம் பாஸ்பேட் சிறுநீரகத்தில் படியும். இதே காரணத்தால், அறிகுறி இல்லாமல் வெறுமனே குறைந்திருக்கும் கால்சியத்தையும் சரிசெய்யப் போகாதே.

அலோபுரினால் கிலோவுக்கு நாளைக்கு 10 மி.கி., மூன்று வேளையாகப் பிரித்து. அது புதிதாக யூரிக் அமிலம் உண்டாவதைத் தடுக்குமே தவிர, சேர்ந்ததைத் தொடாது. சேர்ந்ததைச் சிதைக்க ரஸ்புரிகேஸ்: கிலோவுக்கு 0.15 மி.கி., சலைனில், குலுக்காமல், அரை மணி நேரம். விலை கேட்டால் தலை சுற்றும், ஆனால் பல பிள்ளைகளுக்கு ஒரு டோஸே போதும். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு இருந்தால் சிவப்பணு உடையும், அதை முதலில் பார். போட்டபின் எடுக்கும் யூரிக் அமில சாம்பிள் ஐஸில் போகணும். இல்லையென்றால் மருந்து குழாய்க்குள்ளேயும் வேலை செய்துகொண்டிருக்கும், லேப்காரர் நிம்மதியாக 'நார்மல்' என்று எழுதித் தருவார்.

லேப் பொய் சொல்வது அங்கே மட்டுமில்லை. பொட்டாசியம் 7 என்று வரும், ஈசிஜி சாதுவாக இருக்கும். இறுக்கிக் கட்டி, உறிஞ்சி, ஆட்டி எடுத்துப்போனதில் பிளாஸ்ட் (முதிராத புற்றணு) குழாய்க்குள் உடைந்திருக்கும். கட்டு இல்லாமல் எடுத்து, கையில் கொண்டுபோய் பிளட் கேஸ் மெஷினில் பார். ஈசிஜியில் டி அலை கூம்பி நின்றால் மட்டும் மறு சோதனைக்குக் காத்திருக்காதே, கால்சியம் குளுகோனேட் போடு. அந்த மெஷினே ஆக்சிஜனில் ஏமாற்றும்: வெள்ளணுக்கள் சிரிஞ்சுக்குள்ளேயே ஆக்சிஜனைத் தின்றுவிடும், விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரை நம்பு. பிளேட்லெட் எண்ணிக்கையிலும் பிளாஸ்ட் துண்டுகள் கலந்து வரும். ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் தேய்த்த ரத்தத்தில்) நீயே எண்ணு.

இப்போது நான் சண்டை போடும் விஷயம். ஹீமோகுளோபின் 5 என்றதும் ஒரு யூனிட் ரத்தம் ஏற்றி அனுப்புகிறார்கள். கெட்டியான ரத்தத்தை இன்னும் கெட்டியாக்கும் வேலை அது. இதயம் திணறினால் ஒழிய ஏற்றாதே. ஏற்றியே தீரணும் என்றால் கிலோவுக்கு 5 மில்லி, மெதுவாக. பிளேட்லெட் வேறு கதை, அது பிசுபிசுப்பைக் கூட்டாது. 20 ஆயிரத்துக்குக் கீழே விடாதே, மூளையில் கசிந்தால் நம்மால் ஒன்றும் ஆகாது. மைலாய்டு வகை ரத்தப் புற்றில் இந்தப் பயம் அதிகம். அந்த பிளாஸ்ட் பெரியது, ஒட்டும் குணமுள்ளது. 2 லட்சத்திலேயே நுரையீரலை அடைக்கும். லிம்ஃபாய்டில் 4 லட்சத்தோடும் பிள்ளை உட்கார்ந்து பிஸ்கட் தின்னும்.

மெஷினில் வெள்ளணுவைப் பிரித்தெடுத்தால் என்ன என்று கேட்பாய். எண் அழகாக இறங்கும், ஆரம்பகால இறப்பு குறைந்ததாக உறுதியான ஆதாரம் இல்லை. தண்ணீர் ஓடத் தொடங்கியபின் நாங்கள் ஸ்டீராய்டைக் கால்பங்கில் ஆரம்பித்து, 6 மணிக்கொரு ரிப்போர்ட் பார்த்து ஏற்றிக்கொண்டே போவோம். லிம்ஃபாய்டு என்றால் பல நேரம் இரண்டே நாளில் பாதிக்கும் கீழே. ஸ்டீராய்டு தொடங்கிய 8-ஆம் நாள் ரத்தத்தில் பிளாஸ்ட் 1000-க்குக் கீழே வந்ததா என்பது பெர்லின்-ஃப்ராங்க்ஃபர்ட்-மூன்ஸ்டர் குழு வகுத்த அளவுகோல். பிள்ளை வந்த நாளின் 3 லட்சத்தைவிட அது அதிகம் பேசும். அதனால் அந்த எண்ணைக் காட்டிப் பெற்றோரைக் கலங்கடிக்காதே. சிகிச்சை கடுமையாகும் என்று சொல், பிழைக்காது என்று சொல்லாதே.

எக்ஸ்ரே எடுக்காமல் வண்டியில் ஏற்றாதே. நெஞ்சு நடுவில் கட்டி இருந்தால் மல்லாக்கப் படுக்கவைத்தாலோ, அழுகிறது என்று மயக்க ஊசி போட்டாலோ மூச்சு நின்றுவிடும். உட்காரவைத்தே கொண்டுவா. கூடவே சாயமேற்றாத ஸ்மியர் இரண்டு, டிரிப் தொடங்கிய நேரம், இதுவரை போன சிறுநீர். உன் கையெழுத்தில் வேண்டாம், வேறு யாரையாவது எழுதச் சொல்.

உன்
செல்வம்