நடந்தா மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல சர்க்கரை, பிரஷர் எதைப் பத்தி எழுதினாலும் கடைசியில தினமும் அரை மணி நேரம் நடங்கன்னு முடிச்சிடுறீங்க. தப்பில்ல, ஆனா பாதிதான் சொல்றீங்க. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதுல பெரியவங்களுக்கு வாரம் 150லேர்ந்து 300 நிமிஷம் வேக நடை மாதிரி பயிற்சி வேணும்னு இருக்கு, கூடவே வாரத்துல ரெண்டு நாளாவது பெரிய தசைக்கெல்லாம் வேலை குடுக்கணும்னும் இருக்கு, இந்த ரெண்டாவதை யாரும் கண்டுக்கிறதே இல்ல.

காரைக்குடியில நான் போற ஜிம்முலயும் இதே கதைதான். பொம்பளைங்க, வயசானவங்க புதுசா சேந்தா நேரா ட்ரெட்மில், காலேஜ் பசங்க வந்தா நேரா பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கிட்டு வெயிட்டை நெஞ்சுக்கு மேல தள்றது). அந்தப் பசங்களுக்கு நெஞ்சும் கையும்தான் உடம்பு, ரெண்டு மாடி ஏறுனா மூச்சு வாங்குது. இன்னொரு பக்கம் தைப்பூசத்துக்குப் பழனி வரைக்கும் நடந்தே போறவங்க இருக்காங்க, நடையில அவங்களை அடிச்சுக்க ஆளில்ல, அதுலயே சிலர்கிட்ட ஒரு சிப்பம் அரிசியைத் தூக்கி உள்ள வைங்கன்னா இடுப்பைப் பிடிச்சுக்கிறாங்க.

ரத்தத்துல உள்ள குளுக்கோஸை நெறைய இழுத்துக்கிறது தசைதான், வயசாக ஆக அது கொறஞ்சுக்கிட்டே வரும், வெறும் நடையால அதை நிறுத்த முடியாது. மாதவிலக்கு நின்ன ஆச்சிமாருக்கு எலும்பும் அப்படித்தான், பாரம் ஏத்துனாதான் அது வலுவா நிக்கும். வெயிட் தூக்குனா ஆம்பள மாதிரி ஆயிருவோம்னு பயப்படுறாங்க, அந்த மாதிரி உடம்பு வர பசங்களே வருஷக்கணக்கா மல்லுக்கட்டுறாங்க!

புதுசா சேர்றவங்க வாரத்துல ரெண்டு மூணு நாள், நடுவுல ஒரு நாள் விட்டு, முழு உடம்புக்கும் வெயிட் செஞ்சா போதும். உக்காந்து எந்திரிக்கிறது (ஸ்குவாட்), தள்றது, இழுக்குறது, தரையிலேர்ந்து தூக்குறது, ஒவ்வொண்ணும் பத்துப் பன்னெண்டு தடவை, கடைசி ரெண்டு கஷ்டமா இருக்கணும், தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது (பிரஷர், இதயக் கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க). ஒரே நாள்ல ரெண்டும்னா லேசா சைக்கிள் மிதிச்சு உடம்பைச் சூடாக்கிட்டு முதல்ல வெயிட், அப்புறம் கார்டியோ (நடை, ஓட்டம், சைக்கிள் மாதிரி மூச்சு வாங்க வைக்கிற பயிற்சி), முதல்லயே ஓடிட்டு வந்தா ஸ்குவாட்ல கால் ஆடும். மத்த நாள்ல நடங்க, பேச முடியணும் ஆனா பாட முடியக் கூடாது, அதான் வேகம்.

கார்டியோ செஞ்சா மசில் கரைஞ்சிடும்னு பசங்க சொல்றதும் அரைகுறைதான். 1980ல ஹிக்சன்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் பாத்ததுல ரெண்டையும் சேத்து செஞ்சவங்களுக்குக் கடைசி வாரங்கள்ல பலம் ஏறாம நின்னுச்சு, நெசம்தான், ஆனா அவங்க வாரத்துல அஞ்சு நாள் வெயிட்டு, ஆறு நாள் கார்டியோன்னு கடுமையா செஞ்சவங்க. புதுசா சேந்தவனுக்கு ரெண்டும் சேந்தே ஏறும்.

சாப்பாட்டையும் சொல்லணும், காலையில வெள்ளைப் பணியாரமும் கார சட்னியும் மட்டும்னா புரோட்டீனுக்கு எங்க போறது, ரெண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ கூட வைங்க.

நம்ம ஊர்லயே அழகப்பா உடற்கல்விக் கல்லூரி இருக்கு, அங்க உள்ளவங்ககிட்டக் கேட்டு வாரம் ஒரு பயிற்சியா படத்தோட போடுங்க, படத்துல பொம்பளைங்களும் இருக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி