குற்றாலம் பேரருவிப் பாறையில் உள்ள சிவலிங்கங்களைப் பாதுகாக்க வேண்டி மனு

அனுப்புநர்:
சீசன் கடை வியாபாரி,
குற்றாலம், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தென்காசி.

பொருள்: பேரருவிப் பாறையில் செதுக்கப்பட்ட சிவலிங்கங்களைச் சுத்தம் செய்து, ஆவணப்படுத்தி, பாதுகாப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் பேரருவிக்குப் போகும் வழியில் கடை வைத்திருக்கிறேன். சாரல் சீசனில் குளிக்க வருகிறவர்கள் குற்றாலநாதர் கோயிலையும் சித்திர சபையையும் கேட்டு வழி தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் தாங்கள் தலை நனைக்கும் பாறையிலேயே லிங்கங்கள் செதுக்கியிருப்பது பலருக்குத் தெரிவதில்லை. வெள்ளம் வரும்போது அவை தண்ணீருக்குள் மறைந்துவிடும். கூட்ட நேரத்தில் யார் கண்ணிலும் படாது.

எங்கள் ஆச்சி அருவியில் இறங்கும் முன் அந்தப் பாறையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தலையைக் காட்டுவார். எங்களுக்கு அது குளிக்கிற இடம் மட்டும் இல்லை, சுவாமி இருக்கிற இடம்.

போன பங்குனியில் தண்ணீர் நூலாக வடிந்தபோது பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஒரு லிங்கத்தின் அடிப்பீடமான ஆவுடையார் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கருப்பாகப் படிந்திருந்தது. பக்கத்துப் பாறை இடுக்கில் ஷாம்பு பாக்கெட் செருகிக் கிடந்தது. விரலால் நோண்டி எடுத்தேன். மனசு கேட்கவில்லை. சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு அருவியில் தடை இருக்கிறது, சரி. அந்தத் தடை எதையெல்லாம் காப்பாற்றுகிறது என்று சொல்ல அங்கே ஒரு வரி எழுதியிருந்தால், கேட்கிறவர்கள் கேட்பார்கள்.

ஆகவே, தண்ணீர் குறைந்திருக்கும் மாதங்களில் தொல்லியல் துறையினரைக் கொண்டு இந்தச் சிற்பங்களைப் படமெடுத்து, அளந்து, பதிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். சுத்தம் செய்வதும் அவர்கள் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். ஆசிட் ஊற்றியோ கம்பிப் பிரஷால் தேய்த்தோ செய்தால் அழுக்கோடு சிற்பமும் போய்விடும். சீசன் வேலைகளுக்காக விளக்கு, குழாய், கம்பி எதுவும் அந்தப் பாறையில் துளையிட்டுப் பொருத்தக் கூடாது. அப்புறம், கேரளாவிலிருந்து நிறையப் பேர் வருவதால் அறிவிப்புப் பலகை தமிழோடு மலையாளத்திலும் இருக்கட்டும்.

ஆனி மாதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்தப் பாறைப் பக்கம் யாரும் நெருங்க முடியாது. அதற்கு முன்பே பணியைத் தொடங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)